பசிக்கு மீட்டர் வைத்த ஊர்

துளசிமணிக்குப் பசித்தால் விளக்கெரியும் என்பதைக் கொன்றைப்பாளையம் கண்டுகொண்டது ஓர் ஐப்பசி மாதம், கந்த சஷ்டி விரதத்தின்போது. அதற்கு முன்னால் அந்த ஊரும் மற்ற ஊர்களைப் போலத்தான் இருந்தது. எதிரில் வருகிறவரைப் பார்த்தால் நல்லா இருக்கீங்களா என்று கேட்பதற்கு முன்பே சாப்டாச்சுங்களா என்று கேட்கும், இல்லை என்று சொன்னால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் இலை போடும், போதும் போதும் என்று பந்தியில் இலையை மறைக்கிறவரின் விரலிடுக்கு வழியாகவே ரசத்தை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போகும். சோற்றில் அவ்வளவு தாராளம். மின்சாரத்தில் மட்டும் மகா கஞ்சம்.

அந்தக் கஞ்சத்தனத்துக்குக் காரணம் இருந்தது. ஊரைச் சுற்றிலும் நூல் மில்கள், மில்காரர் மின்சாரம் வாங்குவதோ சந்தையில் கத்தரிக்காய் வாங்குவதுபோல் அல்ல. ஒரே நேரத்தில் இவ்வளவுக்கு மேல் இழுக்க மாட்டேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். மாதத்தில் ஒரே ஒரு அரைமணி நேரம் அந்த அளவைத் தாண்டினாலும் மாதம் முழுக்கத் தாண்டியதாகவே வைத்துத் தண்டம் போடுவார்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எல்லோரும் விளக்குப் போடுகிற பீக் அவரில் இழுத்தால் அதற்கு விலையும் தனி. இந்தக் கணக்கில் ஊருக்கு ஆசான் ஈஸ்வரமூர்த்தி. 'மின்செலவு ஆலோசகர்' என்று வாசலில் போர்டு மாட்டிய மெலிந்த மனிதர், குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை, கறி தின்னமாட்டார், எறும்பு ஊர்ந்தால் காலைத் தள்ளி வைப்பார். இழவு வீட்டுக்குப் போனாலும் ஆளில்லாத அறையில் ஓடுகிற ஃபேனை அணைத்துவிட்டுத்தான் மாலையைப் போடுவார். எந்த மெஷினை எந்த மெஷினுக்குப் பின்னால் ஓட விட வேண்டும் என்று அவர் சொல்வார், மில்கள் கேட்கும்.

அப்படி அவர் சொல் கேட்கிற மில் ஒன்றில் நூல் சுற்றுகிற பிரிவில் வேலை பார்த்தவள் துளசிமணி. லாரி ஓட்டிய புருஷன் லாரியோடு போய்ச் சேர்ந்தபின், கோகிலவாணி என்ற ஒற்றை மகளோடு லைன் வீட்டில் இருந்தாள். சாப்பாட்டில் ஆசை உள்ளவள், அந்த ஆசையை மறைக்கவும் தெரியாதவள். அரிசிம்பருப்பு சாதத்தில் நெய்யை விட்டு முதல் வாயை வைத்ததும் கண்ணை மூடிக்கொள்வாள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே மறந்துபோகும். ஆனால் மகள் சாப்பிட்டு முடிக்காமல் அந்த முதல் வாயை வைத்தவளில்லை. "இவ ஏப்பம் விட்டாப் போதுமுங்க, எனக்கு வயிறு நெறஞ்சுரும்" என்று சொல்வாள். எல்லாத் தாய்களும் சொல்கிற பேச்சுத்தானே என்று கேட்டவர்கள் விட்டுவிட்டார்கள்.

அந்த ஐப்பசியில் கோகிலாவுக்கு மூச்சிரைப்பு வந்து எந்த மருந்துக்கும் தணியாமல் இருந்தது, முருகனுக்கு வேண்டிக்கொண்டு துளசிமணி சஷ்டி விரதம் பிடித்தாள். வெறும் தண்ணீர்தான். முதல் நாள் மில்லின் மீட்டர் சோம்பலாக ஓடியது, நடுவில் ஒரு நாள் அப்படியே நின்றது, சூரசம்ஹாரத்தன்று எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருக்க மீட்டரில் இருந்த எண் மெல்லக் குறைய ஆரம்பித்தது. மறுநாள் திருக்கல்யாணம் பார்த்துவிட்டு, மகளுக்கு ஊட்டித் தானும் வயிறாரச் சாப்பிட்டு அவள் வேலைக்கு வந்த கையோடு மீட்டர் பழையபடி ஓடியது. மில் முதலாளி மீட்டரை மாற்றச் சொன்னார். ஈஸ்வரமூர்த்தி மாற்றவில்லை. அந்த வாரம் யாரெல்லாம் விரதம் இருந்தது என்று பிரிவு பிரிவாகப் போய் விசாரித்தார், இருந்தவர்களை மதியச் சாப்பாட்டை ஒரு நாள் விடச் சொன்னார், சாயங்காலம் ஒவ்வொருவர் கையிலும் எங்கும் மாட்டாத டியூப் லைட்டு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். துளசிமணி வாங்கிய கையில் அது பளிச்சென்று எரிந்தது. அவளிடம் கேட்டதற்கு, "பசியில எனக்கே கண்ணு பூத்துப்போச்சுங்க, லைட்டு எரிஞ்சத நான் எங்கீங்க பாத்தேன்" என்றாள்.

இதைக் கேட்டு ஊர் வாயைப் பிளந்துவிடவில்லை. வேப்பமரத்தில் பால் வடிந்தபோது மஞ்சள் துணி கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்த ஊர் அது. ஒரு சிலர் அவள் லைன் வீட்டு வாசலில் கற்பூரம் கொளுத்தினார்கள், ஒரு சிலர் செல்போனைச் சார்ஜ் போடக் கொண்டுவந்தார்கள். நகராட்சிச் சேர்மன் நல்லசிவம் மட்டும் இரண்டையும் செய்யாமல் ஈஸ்வரமூர்த்தியைக் கூப்பிட்டு அனுப்பினார். நகராட்சிக்குத் தெருவிளக்கு இருந்தது, ஆற்றிலிருந்து தண்ணீர் ஏற்றும் மோட்டார்கள் இருந்தன, ஆஸ்பத்திரி இருந்தது, கட்ட முடியாத கரண்ட்டு பில்லும் இருந்தது. லைனைப் பிடுங்கப் போகிறார்கள் என்று ஓலை வந்திருந்தது. ஒரு மில்லுக்குப் போதுமான பசி ஊருக்குப் போதாதா என்று அவர் கேட்டார். பசியைக் கூட்டிக்கொள்ளலாமுங்க என்றார் ஈஸ்வரமூர்த்தி.

ஒப்பந்தத்தை அவரே எழுதினார். தனக்குத் தெரிந்த மின்சாரக் கொள்முதல் ஒப்பந்தங்களில் உள்ள எதையும் விடவில்லை. நகராட்சி முதல் தரப்பு, துளசிமணி இரண்டாம் தரப்பு. இரண்டாம் தரப்பார் இடைவிடாமல் சப்ளை செய்யக் கடமைப்பட்டவர். உயிர் நிற்பதற்கு உப்புப் போட்ட நீராகாரம் முதல் தரப்பாரால் வழங்கப்படும். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புப் பணிக்காகச் சப்ளை நிறுத்தப்படும், அன்று இரண்டாம் தரப்பார் உணவு உட்கொள்ளலாம். இந்த ஒப்பந்தம் இரண்டாம் தரப்பாரையும் அவருடைய வாரிசுகளையும் கட்டுப்படுத்தும். இப்படியே போன பக்கங்களின் நடுவில், சேர்மனே சொல்லிச் சேர்த்த ஒரு வரி இருந்தது: இரண்டாம் தரப்பாரின் மகளுக்கு, ஒப்பந்தம் உள்ளவரை, மூன்று வேளையும் வயிறார உணவளிக்க முதல் தரப்பார் கடமைப்பட்டவர்.

படித்துக் காட்டும்போது துளசிமணி மற்றதையெல்லாம் மழைச்சத்தம் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வரி வந்ததும் நிமிர்ந்தாள்.

"இந்த வரிய மட்டும் இன்னொருக்காப் படிங்க சாமி," என்றாள்.

படித்தார்கள். வயிறார என்று போட்டிருக்குதுங்களா என்று கேட்டாள், போட்டிருக்கிறது என்றார்கள். ஊருக்குக் கெடுதல் என்றால் நான் கையெழுத்துப் போடுவேனாம்மா என்று சேர்மன் சொன்னார், ஊருக்கு அது கெடுதல் இல்லைதான். அவள் கையெழுத்துப் போட்டாள்.

மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே பழைய மோட்டார் அறையைச் சுண்ணாம்படித்து அவளைக் குடிவைத்தார்கள். கட்டிலின் இரும்புக் காலில் ஒயரைச் சுற்றினார்கள், அதுவே போதுமாயிருந்தது. ரோட்டைப் பார்த்து ஒரு ஜன்னல் வைத்தார்கள். அன்று சாயங்காலம் கொன்றைப்பாளையத்தின் எல்லாத் தெருவிளக்கும் எரிந்தது, எரியாமல் கிடந்த சுடுகாட்டு விளக்கு உட்பட. ஜனங்கள் தெருவுக்கு வந்து நின்று பார்த்தார்கள், பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பூ வந்தது, எலுமிச்சை மாலை வந்தது, ஆளுயரக் குத்துவிளக்கு வந்தது. படையல் மட்டும் வரவில்லை. பிரசாதம் இல்லாத தெய்வம் அந்தத் தாலுக்காவிலேயே அவள் ஒருத்திதான்.

முதல் தடங்கல் பூக்கார ரங்கநாயகியால் வந்தது. காலையில் ஜன்னலுக்குச் சரம் கட்ட வந்தவள், நாற்பது வருஷப் பழக்கம் நாக்கில் நிற்க, "சாப்டியா அம்மிணி?" என்று கேட்டுவிட்டாள். துளசிமணி இல்லக்கா என்று சொல்லிச் சிரித்தாள், அவ்வளவுதான், மோட்டார்கள் மூச்சடங்கி நின்றன. சோறு போடாவிட்டாலும் போகட்டும், சோறு தின்றாயா என்று ஒரு வாய் கேட்டாலே கால்வயிறு நிறைந்துவிடுகிறது என்பதை ஈஸ்வரமூர்த்தி மீட்டரைப் பார்த்துச் சொன்னார். ஜன்னலருகே யாரும் அப்படிக் கேட்கக் கூடாது என்று நகராட்சி தீர்மானம் போட்டது. ஆனால் நாக்கு என்ன தண்ணீர்க் குழாயா, ஓரிடத்தில் மூடி ஓரிடத்தில் திறக்க? மறந்து மறந்து கேட்டார்கள், விளக்கு மங்கி மங்கி எரிந்தது. கடைசியில் ஊரே அந்தக் கேள்வியை விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. கல்யாண வீட்டில் கேட்பதில்லை, சம்பந்தி வீட்டில் கேட்பதில்லை, ஆஸ்பத்திரியில் கிடக்கிற அப்பனிடம் மகன் கேட்பதில்லை. வெளியூர்க்காரர்கள் வந்து வெகுளியாகக் கேட்டால் கொன்றைப்பாளையத்தார் வானத்தைப் பார்த்தார்கள்.

வெளிச்சம் வந்தால் தொழில் வரும். மில்கள் நகராட்சியிடமே மின்சாரம் வாங்கின, சாயப்பட்டறைகள் வந்தன, ஐஸ் ஃபேக்டரி வந்தது, சிறந்த நகராட்சி என்று கேடயம் வந்தது. சேர்மன் அதைக் கொண்டுவந்து துளசிமணிக்கு ஜன்னல் வழியாகக் காட்டினார். அவள் கேடயத்தைப் பார்க்கவில்லை, அவர் சட்டையில் சிந்தியிருந்த குழம்பைப் பார்த்தாள். வரவர ஊரின் லோடு ஏறியது, பீக் அவரில் அவள் பசி எட்டவில்லை. எந்த நேரத்தில் அது தானாக ஏறுகிறது என்று ஈஸ்வரமூர்த்தி பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்தார். தெருக்கோடியில் ஒருவன் பரோட்டாவுக்குச் சால்னா தாளித்தபோது ஏறுவதைக் கண்டார். மறுவாரமே அவனுக்கு மோட்டார் அறையை ஒட்டி வாடகையில்லாமல் இடம் ஒதுக்கினார்கள், அவனைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள், புகைபோக்கிகளை எல்லாம் ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைக்கச் சொல்லி நகராட்சியே தகரம் வாங்கிக் கொடுத்தது. ஆறு மணியானால் கல்லில் கரண்டி அடிக்கிற சத்தம், பள்ளிபாளையம் சிக்கன், சந்தகை, நெய் மணக்கிற பணியாரம். ஈரோட்டிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் காரில் குடும்பத்தோடு வந்து, அந்தப் பகல் மாதிரியான வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சாப்பிட்டார்கள். திருவிழா மாதிரி லோடு மிக அதிகமான நாட்களில் மட்டும் பெரிய அண்டாவில் அரிசிம்பருப்பு சாதம் ஆக்கினார்கள், அந்த நாட்களில் பல்புகள் சில தாங்காமல் வெடித்தன.

கோகிலாவை நகராட்சி மகளிர் விடுதியில் வைத்து மூன்று வேளையும் வயிறாரப் போட்டார்கள். இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தினமும் சாயங்காலம் அம்மாவைப் பார்க்க ஜன்னலுக்கு வருவாள். ஊரில் யாருக்கும் கேட்க உரிமையில்லாத கேள்வியை அங்கே அம்மா மட்டும் கேட்டாள், சாப்டியா கண்ணு என்று. பிள்ளை சாப்டேம்மா என்று சொன்னது. என்ன சாப்பிட்டாள், எத்தனை தோசை, சட்னி என்ன, ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத் துளசிமணியின் முகம் மலர, தெருவிளக்குகள் திரி குறைத்த மாதிரி மங்கின, ஆற்றங்கரையில் மோட்டார் நின்றது, ஆஸ்பத்திரியில் பிரசவ அறை இருண்டது. பீக் அவரில் இப்படி நடப்பது கொலைக்குச் சமம் என்று ஊர் கொதித்தது. பிள்ளையைப் பார்க்கவே விடாதே என்றார்கள் சிலர், அப்படிச் செய்தால் அவள் ஒப்பந்தத்தையே முறித்துவிடுவாள் என்று ஈஸ்வரமூர்த்தி தடுத்தார். அவர் விடுதிக்குப் போனார், பிள்ளைக்கு ஜிலேபி வாங்கிப் போனார், பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்:

"மாமா உன்னப் பொய் சொல்லச் சொல்லல கண்ணு. ராத்திரிச் சாப்பாட்ட அந்நேரத்துக்கு நீ இன்னும் சாப்டிருக்க மாட்டதான? இன்னும் சாப்பிடலம்மான்னு சொல்லு, போதும். ஆஸ்பத்திரியில பச்சக் கொழந்தைங்க இருக்குதல்லொ?"

பச்சைக் குழந்தைகளை நினைத்துக்கொண்டே பிள்ளை சொன்னது. "இன்னும் சாப்பிடலம்மா." துளசிமணியின் கை ஜன்னல் கம்பியைப் பிடித்தது. ஏன் கண்ணு, போடலையா என்றாள். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. அந்தச் சாயங்காலம் கொன்றைப்பாளையத்தில் ஊசி விழுந்தால் எடுக்கலாம், அவ்வளவு வெளிச்சம். துளசிமணி சேர்மனைக் கூப்பிட்டுக் கேட்டபோது, மூன்று வேளையும் இலை போடுகிறோம், பொண்ணுதான் அம்மா ஏக்கத்தில் தொட மாட்டேன் என்கிறது என்று அவர் வருத்தப்பட்டார். அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்குக் கோகிலா அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னாள். சொல்லிவிட்டு விடுதிக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டாள், சாப்பிடாவிட்டால் ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும் என்று வார்டன் பக்கத்திலேயே நின்றாள். ஒவ்வொரு வாயும் அவளுக்கு அம்மாவிடமிருந்து பிடுங்கியதாகவே தெரிந்தது. ஆனாலும் பசித்தது, வளர்கிற பிள்ளை, அவள் என்ன செய்வாள்?

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கொன்றைப்பாளையத்தில் மின்தடை என்று முன்நாளே பேப்பரில் வரும், ஜனங்கள் தொட்டியில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்வார்கள், அன்று துளசிமணி சாப்பிடுவாள். என்ன வேண்டும் என்று கேட்டுக் கொடுப்பார்கள், அவள் கேட்பது அரிசிம்பருப்பு. முதல் வருஷம் இலையை வழித்துச் சாப்பிட்டாள். கோகிலா சாப்பிடுவதில்லை என்று நம்ப ஆரம்பித்தபின் பாதியைத் தூக்குப்போசியில் எடுத்து வைத்து, அன்று பகலிலேயே மகள் வந்ததும் ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். பிறகு முக்காலை எடுத்து வைத்தாள். விடுதியில் நிறையத் தின்றுவிட்டு வந்த பிள்ளை, அம்மா பார்த்துக்கொண்டிருக்க, தொண்டை வரை நிறைந்த வயிற்றில் அதையும் தள்ளியது. அந்த நாட்களில் ஐந்து மணிக்குச் சப்ளை வர வேண்டியது ஏழுக்கு வரும், மகள் சாப்பிட்டதைப் பார்த்த நிறைவு அடங்க அவ்வளவு நேரமானது. பராமரிப்புப் பணி நீடிப்பதாக ஊர் முணுமுணுத்தது.

வருஷங்கள் போயின. கோகிலா காலேஜுக்குப் போனாள். துளசிமணி கட்டிலில் ஒரு மடித்த புடவை அளவுக்கு ஆனாள், கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒரு பராமரிப்பு நாள் தூக்குப்போசி கனமாக வந்தது. கோகிலா திறந்து பார்த்தாள். சாதம் ஆக்கிப் போட்டபடி இருந்தது, நெய் மேலே உறைந்திருந்தது, ஒரு விரல் பட்ட தடம் இல்லை.

"நீ சாப்டியாம்மா?" என்றாள் கோகிலா.

"நான் சாப்டேன் கண்ணு, இது மிச்சம். நீ சாப்டியா?"

அரிசிம்பருப்பு மணக்க மணக்கக் கையில் வைத்துக்கொண்டு கோகிலா நின்றாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அன்று அவள் வாயெடுத்தாள். பின்னால் ஈஸ்வரமூர்த்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், ஆஸ்பத்திரி ஜன்னல்கள் எதிரே இருந்தன. இல்லம்மா என்றாள். அப்பச் சாப்புடு என்றாள் தாய், மகள் சாப்பிட்டாள், கடைசிப் பருக்கை வரை. அந்த வாரத்திலேயே ஒரு காலையில் துளசிமணி செத்துப்போனாள்.

விளக்குகள் அணையவில்லை. இதைத்தான் ஊர் முதலில் பார்த்தது. பிணத்தைக் குளிப்பாட்டி, எடுத்துக்கொண்டுபோய்ச் சுடுகாட்டில் அந்த எரிகிற விளக்கின் கீழேயே எரித்துவிட்டு வந்தார்கள், வெறும் கட்டிலின் காலில் சுற்றிய ஒயரில் முன்னைவிட அதிகமாகச் சப்ளை வந்துகொண்டிருந்தது. "பசியோட போன உசுருங்க," என்றார் ஈஸ்வரமூர்த்தி, "படையல் வெக்கிற வரைக்கும் அது அடங்காது. நாம வெக்க வேண்டாம்."

கருமாதிக்குப் படையல் போட வேண்டும் என்று கோகிலா கேட்டாள். சேர்மன் அவளுக்கு நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, ஒப்பந்தம் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும் என்ற வரியைக் காட்டினார். கருமாதி நடந்தது, ஐயர் வந்தார், மந்திரம் சொன்னார், இலை விரித்தார்கள், இலையில் எதுவும் வைக்கவில்லை. காக்கை மூலமாகச் சோறு போய்ச் சேர்ந்துவிடக் கூடாதே என்று மோட்டார் அறைக்கு மேலே வலை கட்டினார்கள், வேட்டுப் போட்டுக் காக்கை விரட்ட ஆட்களை நியமித்தார்கள். யார் வைக்கிற சோற்றில் அவள் பெயர் சொல்லப்படுமோ என்ற பயத்தில் ஊரில் ஒருவருமே காக்கைக்குச் சோறு வைக்கக் கூடாது என்றாயிற்று. ஆக, அமாவாசைதோறும் கொன்றைப்பாளையத்தார் தங்கள் அப்பன் தாத்தன் எல்லோரையும் பட்டினி போட்டார்கள். அந்தப் பட்டினியிலும் கொஞ்சம் மின்சாரம் வரத்தான் செய்தது, மீட்டர் வைக்கிற அளவுக்கு இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

தாய் செத்த பிறகும் கோகிலா ஆறு மணிக்கு ஜன்னலுக்கு வர வேண்டியிருந்தது. காலிக் கட்டிலைப் பார்த்து, "இன்னும் சாப்பிடலம்மா" என்று சொன்னாள். சொன்னதும் வெளிச்சம் ஏறியது. அப்படி ஏறியதில்தான் அவளுக்குப் புரிந்தது, அம்மா இன்னும் அங்கே உட்கார்ந்து அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள் என்று. கேட்கிறவளுக்குக் காக்கை எதற்கு?

மாரியம்மன் தேர் நாள். சீரியல் பல்பு கட்டாத மரமில்லை, ராட்டினம் சுற்றியது, மைக்கில் பாட்டு, ரோடு முழுக்க ஜனம், மோட்டார் அறைக்கு எதிரே பெரிய அண்டாவில் அரிசிம்பருப்பு கொதித்தது. ஆறு மணிக்குக் கோகிலா வந்தாள், கூட்டம் வழிவிட்டது. அவள் ஜன்னலுக்குப் போகாமல் அண்டாவுக்கு எதிரே, ஜன்னலைப் பார்த்தபடி ரோட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்து, எனக்கு இலை போடுங்க என்றாள்.

சமையல்காரர் சேர்மனைப் பார்த்தார், சேர்மன் ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தார். மூன்று வேளையும் வயிறார என்று எழுதியிருக்கிறது, எந்த இடத்தில் உட்கார்ந்து என்று எழுதவில்லை. அவர் தலையசைத்தார். சாதம் விழுந்தது, நெய் விழுந்தது. கோகிலா முதல் வாயை உருட்டிக் கையில் தூக்கிக் காட்டினாள்.

"அம்மா, இங்க பாரு. நான் சாப்டறேன். தெனமும் சாப்டேன்மா. நீ கேட்டப்பெல்லாம் வயிறு நெறையச் சாப்டிருந்தேன். பொய் சொன்னேன்."

வாயில் வைத்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். தேர்வீதியின் சீரியல் பல்புகள் ஒன்றிரண்டாய் அவிந்தன. அடுத்த வாய்க்கு ராட்டினம் தயங்கி நின்றது, மேலே மாட்டிக்கொண்டவர்கள் சத்தம் போட்டார்கள். அடுத்ததுக்கு மைக் ஊமையாயிற்று. பிடுங்குங்கடா இலையை என்று யாரோ கத்தினார்கள், சேர்மனே இரண்டடி எடுத்து வைத்தார், ஈஸ்வரமூர்த்தி கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார். சாப்பிட்டு முடிக்கட்டும் என்றார். மில்கள் நின்றன, சாயப்பட்டறைகள் நின்றன, ஆஸ்பத்திரி இருண்டது, அவள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு சோறு அவளுக்கு ருசித்தது. சந்தோஷத்தில் கண்ணிலிருந்து நீர் வடிந்து இலையில் விழுந்தது, அதையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டாள். மறுசோறு கேட்டு வாங்கினாள். இலையை வழித்தாள். கடைசியில், நிறைந்த வயிற்றிலிருந்து ஒரு ஏப்பம் வந்தது. மோட்டார் அறையில் எரிந்துகொண்டிருந்த ஒற்றை பல்பு அணைந்தது, பெரிய கண்ணொன்று மூடிக்கொண்ட மாதிரி.

கொன்றைப்பாளையம் அத்தனை வருஷத்தில் இப்படி ஒரு முழு இருட்டைப் பார்த்ததில்லை. கூட்டம் அவளை நோக்கி நகர்ந்தது, அடிக்கத்தான் நகர்ந்தது.

"தொடாதீங்க, ஆரும் தொடாதீங்க," என்றது ஈஸ்வரமூர்த்தியின் குரல், எப்போதும்போல் மெதுவாக. "அம்மா தீந்துட்டாங்க. ஒப்பந்தம் தீரலீங்களே."

அவர் ஆள்விட்டு ஒரு டியூப் லைட்டு கொண்டுவரச் சொன்னார். இருட்டில் தடவித் தடவி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எச்சில் கையைத் தன் துண்டால் துடைத்துவிட்டு, அந்தக் கையில் அதை வைத்து விரல்களை மூடினார். அது எரியவில்லை. இப்பத்தான சாப்டிருக்குது என்றார். சாப்பிட்ட இலையை மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள், அண்டாவை எடுத்துக்கொண்டு போனார்கள், அடுப்புகளைத் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். எல்லாம் கோபமில்லாமல், கோயில் வேலை மாதிரி ஒழுங்காக நடந்தது. கோகிலா எழுந்திருக்கப் பார்த்தாள். நான்கு பக்கமும் மடியில் கையை வைத்துக்கொண்டு ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள், வழி இல்லை. நிறைந்த வயிறு எத்தனை நேரம் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது. பூக்கார ரங்கநாயகி. கிழட்டுக் கையால் கோகிலாவின் முகத்தைத் தடவி, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, தன் பேத்தியிடம் கேட்கிற மாதிரி அவ்வளவு பிரியமாகக் கேட்டாள்.

"பசிக்குதா கண்ணு?"